முன்னோரிலும் மேலாகக் கற்றவர்களா நம் பிள்ளைகள்?

ஞாயிறு பூசை முடிந்து கோவில் முற்றத்தில் நாலு பெரியவர்கள் கூடி நின்றால் இரண்டு பேச்சுக்களில் ஒன்று எப்படியும் எழும். “அந்தக் காலத்து எட்டாம் வகுப்புக்கு இந்தக் காலத்துப் பட்டதாரி ஈடாக மாட்டான்” என்பது ஒன்று. “என்ர பேரப்பிள்ளை சாதாரண தரத்தில் ஒன்பது ஏ. நாங்கள் எங்கே, அவர்கள் எங்கே” என்பது மற்றது. சில வேளைகளில் இவ்விரண்டையும் ஒரே வாயிலிருந்தே, அரை மணி நேர இடைவெளியில், கேட்கலாம். முன்னது ஊர்ப் பிள்ளைகளைப் பற்றியது. பின்னது சொந்தப் பிள்ளையைப் பற்றியது.

இது வெறும் முற்றத்துப் பேச்சாக இருந்தால் நாம் இதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆயின் பெற்றார் தங்கள் உழைப்பில் பெரும் பகுதியைப் பிள்ளைகளின் படிப்புக்கே கொட்டுகிறார்கள். நகையை அடகு வைக்கிறார்கள். காலையில் ஐந்து மணிக்கே பிள்ளையை எழுப்பி ரியூசனுக்கு அனுப்புகிறார்கள். இத்தனைக்கும் ஈடாக வீட்டுக்கு வந்து சேர்வது என்ன என்று கேட்டுப் பார்ப்பது குற்றமாகாது. நம் இளைஞர் முன்னைய தலைமுறையினரிலும் மேலாகக் கற்றவர்களா? கற்றவர் என்று நாம் யாரைச் சொல்கிறோம்?

விவாகப் பதிவேட்டுச் சாட்சியம்

முதலில் கண்ணாற் காணக்கூடிய சாட்சியத்தைப் பார்ப்போம். உங்கள் பங்கு பழைய பங்காக இருந்தால், பங்குச் சுவாமியாரின் அனுமதியோடு விவாகப் பதிவேடுகளை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். நூறு, நூற்றிருபது ஆண்டுகளுக்கு முந்திய பக்கங்களில் மணமக்களும் சாட்சிகளும் கையொப்பமிட வேண்டிய இடத்தில் புள்ளடிகளைக் காணலாம். எழுதத் தெரியாதவர் தம் கையால் ஒரு புள்ளடி இடுவார். அது இன்னாரின் அடையாளம் என்று குருவானவர் பக்கத்தில் எழுதி வைப்பார். காலம் செல்லச் செல்ல மணமகனின் இடத்தில் நடுங்கும் எழுத்தில் ஒரு பெயர் தோன்றும். மணமகளின் இடத்தில் புள்ளடி இன்னும் நெடுநாள் நிற்கும். பிறகு அதுவும் பெயராக மாறும்.

அரசாங்கத்தின் குடிசன மதிப்புக் கணக்குகளும் இதையே சொல்கின்றன. 1901ஆம் ஆண்டில் இலங்கையில் எழுத வாசிக்கத் தெரிந்தோர் நூற்றுக்கு 26 பேர் அளவினரே. பெண்களில் பத்துக்கு ஒருவர்கூட இல்லை. 1946ஆம் ஆண்டில் இத்தொகை நூற்றுக்கு 58 அளவுக்கு உயர்ந்தது. அப்பொழுதும் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் எழுத்தறியாதவர்களே. 1981இல் நூற்றுக்கு 87 அளவு. 2012ஆம் ஆண்டுக் கணக்கின்படி 95 வீதத்துக்கும் மேல். நம் பாட்டிமாரின் தாய்மாருக்கு மலாயாவில் புகையிரத உத்தியோகம் பார்த்த கணவரிடமிருந்து கடிதம் வந்தால், அதைத் தூக்கிக்கொண்டு வாத்தியார் வீட்டுக்கோ விதானையார் வீட்டுக்கோ போக வேண்டியிருந்தது. கணவன் மனைவிக்கு எழுதியதை அயலவர் ஒருவர் உரத்து வாசிக்க, வெட்கத்தோடு தூணோரம் நின்று கேட்ட பெண்கள் அவர்கள். இன்று அவர்களுடைய பூட்டப்பிள்ளைகள் பல்கலைக்கழகங்களில் ஆண்களைவிட அதிக தொகையில் இருக்கிறார்கள். இதைச் சிறிய காரியமென்று சொல்பவர் அந்தத் தூணோரம் நின்றவர்களை நினைத்துப் பார்க்காதவர்.

நினைவு செய்யும் தந்திரம்

“அந்தக் காலத்து எட்டாம் வகுப்பு” என்ற பேச்சு எங்கிருந்து வருகிறது? அதில் உண்மையில்லாமல் இல்லை. எட்டாம் வகுப்போடு நின்ற எத்தனையோ பேர் பிழையின்றி மனு எழுதினார்கள், உறுதி வாசித்துப் பொருள் சொன்னார்கள், ஆங்கிலத்தில் தந்தியடித்தார்கள். ஆனால் அந்த எட்டாம் வகுப்புக்கு வந்து சேர்ந்தவர் யார்? முதலாம் வகுப்பில் மணலில் எழுதத் தொடங்கிய பிள்ளைகளில் பலர் மூன்றாம் நாலாம் வகுப்போடு தோட்டத்துக்கோ கடலுக்கோ போய்விட்டார்கள். இன்னும் பலர் பள்ளிக்கூடப் படியே ஏறவில்லை. சல்லடையில் நின்ற சிலரையே நாம் நினைவில் வைத்திருக்கிறோம். இன்றோ சல்லடையே இல்லை. ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் வகுப்பில் இருக்கிறார்கள். பழைய காலத்தின் பொறுக்கியெடுத்த நெல்லை இன்றைய களம் முழுவதோடும் ஒப்பிட்டு, “பதர் கூடிவிட்டது” என்று சொல்வது நீதியான நிறுவையன்று.

யாழ்ப்பாணத்துக் கல்விப் பெருமையைப் பேசும்போது 1823இல் அமெரிக்க மிசனரிமார் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினறியை எல்லாரும் சொல்வர். ஆங்கிலமும் தமிழும் கணிதமும் வானசாஸ்திரமும் அங்கே உயர்ந்த முறையிற் கற்பிக்கப்பட்டன. சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது அதன் முதற் பட்டதாரிகளானவர்கள் அங்கு படித்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையுமே. பெருமைதான். ஆனால் அந்தப் பெருமை நடந்த அதே காலத்தில், அதே வட்டுக்கோட்டையில் நிலம் உழுதவனுடைய மகன் என்ன படித்தான் என்பதையும் கேட்க வேண்டும்.

அது மட்டுமன்று. 1945க்கு முன் இருந்தது ஒரு கல்வியல்ல, இரண்டு கல்வி. பணம் கட்டிப் படிக்கும் ஆங்கிலப் பாடசாலை ஒன்று. பணமில்லாதவருக்குச் சுயபாஷைப் பாடசாலை மற்றொன்று. முன்னையதில் படித்தவர் கச்சேரிக்கும் கொழும்புக்கும் சிங்கப்பூருக்கும் போனார். பின்னையதில் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் தமிழ் உபாத்தியாயர் என்ற படிக்கு மேலே ஏறுவது அரிது. இந்தச் சுவரை இடிக்கவே சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் தலைமையிலான விசேட குழு 1943இல் தன் அறிக்கையைக் கொடுத்தது. 1945 ஒக்ரோபர் மாதம் முதல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1960ஆம் ஆண்டில் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோது நம் சபை பட்ட வேதனை வேறு கதை. இலவசக் கல்வியின் நன்மையை அந்த வேதனையைக் கொண்டு மறைக்கத் தேவையில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை அரைகுறையாகிவிடும். 1929ஆம் ஆண்டில், உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமாக ஒரே வாங்கில் இருக்க வேண்டுமென்று கட்டளை வந்தபோது யாழ்ப்பாணத்தில் என்ன நடந்தது? அதுவரை சில பிள்ளைகள் நிலத்திலும், சிலர் வகுப்பறைக்கு வெளியிலும் இருந்து பாடம் கேட்டார்கள். கட்டளை வந்ததும் எதிர்ப்புக் கிளம்பியது. சில பாடசாலைகள் தீக்கிரையாயின. தீ வைத்தவர்களும் அவர்களைத் தூண்டியவர்களும் எழுத்தறியாதவர்களல்லர் என்பதை ஊன்றிக் கவனியுங்கள். “அந்தக் காலத்துக் கல்வி மனிதரைப் பண்படுத்தியது” என்று நாம் பெருமூச்சு விடும்போது இந்தச் சாம்பலையும் சேர்த்தே நினைக்க வேண்டும். மலையகத்து நம் சகோதரரின் நிலை இன்னும் கடினம். ஒரே அறை, ஒரே ஆசிரியர் என்றிருந்த தோட்டப் பாடசாலைகள் 1970களிலேதான் அரசின் கைக்கு வரத் தொடங்கின.

ஆகவே எத்தனை பேர் கற்றார்கள், யார் யார் கற்றார்கள் என்ற கேள்விகளுக்கு விடை ஐயத்துக்கிடமில்லாதது. இன்றைய தலைமுறையே மேல்.

ஏடறியாதோர் அறிந்தவை

ஆனால் புள்ளடி இட்டவர்களெல்லாம் அறிவிலிகளா?

பாஷையூரிலோ நாவாந்துறையிலோ மன்னார்க் கரையிலோ அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன் கூத்துப் பழகிய வளவொன்றை நினைத்துப் பாருங்கள். அண்ணாவியார் கொப்பியைப் பார்த்து அடி சொல்லிக் கொடுப்பார். ஆடுபவர்களில் பாதிப் பேருக்குக் கொப்பியை வாசிக்கத் தெரியாது. எனினும் எஸ்தாக்கியார் நாடகத்தில் இராச பாகம் எடுத்தவர் விடிய விடியப் பாடுவதற்குரிய அத்தனை பாட்டையும் தருவையும் நெஞ்சில் வைத்திருந்தார். தன் பாகம் மட்டுமன்று, மந்திரியின் பாகமும் காவற்காரனின் பாகமும் அவருக்குத் தெரியும். மன்னாரில் மூவிராசாக்கள் வாசாப்பு ஆடியவர்களும் அப்படியே. பெரிய வியாழனிலும் பெரிய வெள்ளியிலும் பசாம் படித்த குடும்பங்களில் பேரன் பாட்டனிடம் காதால் கேட்டே இராகத்தையும் வசனத்தையும் வாங்கிக்கொண்டான். வேதாகமச் சரித்திரம் அவர்களுக்குப் புத்தகத்தில் இருக்கவில்லை, தொண்டையில் இருந்தது.

கடலுக்குப் போனவர் சோழகம் எந்த நாளில் எழும், வாடை எப்போது திரும்பும், நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும் என்பதைப் பரீட்சை எழுதாமலே அறிந்திருந்தார். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடி மனனம் செய்த கிழவர் அரைக்காலையும் மாகாணியையும் முந்திரியையும் மனத்திலேயே கூட்டிக் கழித்து, சந்தையில் வியாபாரி கடுதாசி எடுக்குமுன் விடை சொல்லிவிடுவார். முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒன்று என்பதை இன்று கணிதத்தில் ஏ எடுத்த பிள்ளையிடம் கேட்டால் கசுக்கொட்டையென்று நினைக்கும்.

இதைக் கல்வி என்று சொல்லலாமா? என்னுடைய எண்ணம், சொல்லலாம் என்பதே, ஆனால் எல்லையோடு. இந்த அறிவு பழகிய பாதையில் கண்ணை மூடிக்கொண்டு நடக்கும். பழகாத ஒன்று வந்தால் திகைத்து நின்றுவிடும். 1964ஆம் ஆண்டு டிசெம்பர் மாதச் சூறாவளி வடகரையைத் தாக்கியபோது காற்றின் போக்கை அறிந்த தொழிலாளிகளும் தப்பவில்லை. 2004 டிசெம்பர் 26ஆந் திகதி, நத்தாரின் மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கடல் பொங்கியபோது தலைமுறை தலைமுறையாகக் கடலோடு வாழ்ந்த முல்லைத்தீவுக்கும் வடமராட்சிக் கிழக்குக்கும் ஒரு முன்னறிவித்தலும் கிடைக்கவில்லை. இலங்கைக் கரைகள் சிலவற்றில் கடல் உள்வாங்கியதைக் கண்டு வேடிக்கை பார்க்கப் போனவர்களும் உண்டு. அவர்களுள் படித்தவர்களும் இருந்தார்கள்.

அதே நாளில் தாய்லாந்தின் புக்கெட் கடற்கரையொன்றில் பெற்றாருடன் விடுமுறைக்கு வந்திருந்த டில்லி சிமித் என்ற பத்து வயது ஆங்கிலேயச் சிறுமி, கடல் நுரைத்துப் பின்வாங்குவதைக் கண்டாள். இரண்டு வாரங்களுக்கு முன்னர் பூமிசாஸ்திர வகுப்பில் ஆசிரியர் சொன்னது அவளுக்கு நினைவு வந்தது. தாய் தந்தையரை நச்சரித்து, அவர்கள் காவலாளிக்குச் சொல்ல, கரையில் நின்றவர்கள் எல்லாரும் மேலே ஏறித் தப்பினார்கள். அவள் அந்தப் பாடத்தில் எத்தனை புள்ளி எடுத்தாள் என்பது யாருக்கும் தெரியாது. வகுப்பில் கேட்டதைக் கடற்கரையில் கண்டதோடு பொருத்திப் பார்த்தாள். பெரியவர்கள் முதலில் நம்பாதபோதும் சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் கல்வி என்று சொல்லும் பொருளுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

பள்ளி முடிந்தபின் கற்றவர்கள்

நம்மவர்களில் கற்றோர் என்று நாம் கொண்டாடும் இருவரைப் பாருங்கள். மானிப்பாயில் 1875இல் பிறந்த சுவாமி ஞானப்பிரகாசர் புகையிரதப் பகுதியில் உத்தியோகம் பார்த்தவர். அதை விட்டுக் குருமடம் புகுந்து 1901இல் குருவானார். பல மொழிகளைக் கற்றதும், யாழ்ப்பாணச் சரித்திரத்தை ஆராய்ந்ததும், சொற்பிறப்பு ஒப்பியல் தமிழ் அகராதியைத் தொடங்கியதும் எந்தப் பரீட்சைக்காகவும் அல்ல. நல்லூரில் பங்குப் பணிகளுக்கு நடுவில், வயது ஏற ஏறக் கற்றவர் அவர்.

தனிநாயகம் அடிகளின் கதை இன்னும் சிந்திக்கத்தக்கது. 1913இல் பிறந்து, ஊர்காவற்றுறையிலும் யாழ்ப்பாணத்துப் புனித பத்திரிசியார் கல்லூரியிலும் படித்து, றோமாபுரியில் இறையியற் கலாநிதிப் பட்டம் பெற்றவர். ஆங்கிலமும் இலத்தீனும் இத்தாலியமும் அறிந்தவர். ஆனால் பின்னாளில் உலகமெங்கும் அவர் எடுத்துச் சென்ற ஆழ்ந்த தமிழை அவருக்குக் கொடுத்தது அவர் படித்த கல்லூரிகளல்ல. 1940களில் திருநெல்வேலிப் பக்கத்து வடக்கன்குளத்தில் ஆசிரியராக இருந்தபோதுதான் ஒரு பண்டிதரிடம் அமர்ந்து பாடம் கேட்டார். அதன்பின் குருவாக இருந்தபடியே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாணாக்கராகச் சேர்ந்தார். 1952இல் ‘தமிழ்க் கல்ச்சர்’ என்ற ஆங்கிலச் சஞ்சிகையைத் தொடங்கினார். 1966இல் கோலாலம்பூரில் முதலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கூட முன்னின்றார். “அந்தக் காலக் கல்வி உன்னதமானது” என்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்? அந்தக் கல்வி ஒரு தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழைத் தராமலே அனுப்பிவிட்டது. ஆனால் தனக்கு இல்லாததை அறிந்து முப்பது வயதில் தேடிப் போகும் பசியை அது அவியவிடவில்லை.

இன்றைய கல்வி அந்தப் பசியை என்ன செய்கிறது என்பதே என் கவலை.

பரீட்சை கல்வியை விழுங்கிய விதம்

இதற்கு இளைஞரைக் குறை சொல்வது அநியாயம். அவர்கள் தாமாகத் தெரிந்து எடுத்த வழியல்ல இது. 1970–71ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக அனுமதியில் பொறியியற் பிரிவுக்குச் சிங்கள மொழி மாணவருக்கு 227 புள்ளியும் தமிழ் மொழி மாணவருக்கு 250 புள்ளியும் வேண்டுமென்று வெட்டுப்புள்ளி வைக்கப்பட்டபோது, ஒவ்வொரு புள்ளியும் ஒரு வாழ்வாக மாறியது. 1974இல் மாவட்டப் பங்கீடு வந்தது. அதனால் மன்னார், வவுனியா போன்ற மாவட்டங்களின் பிள்ளைகளுக்குக் கதவு சிறிது திறந்தது என்பதையும் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் யாழ்ப்பாணத்தில் அதன் விளைவு என்ன? “ஒரு புள்ளி கூட” என்ற ஏக்கம். அந்த ஏக்கத்தின் மேல் ரியூட்டறிகள் எழும்பின. பாடசாலை வருகைப் பதிவுக்கு, படிப்பு ரியூட்டறிக்கு என்றாகிவிட்டது. இன்றும் உயர்தரத்தில் பல்கலைக்கழகத் தகுதி பெறுவோரில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கே இடம் கிடைக்கிறது. ஆகவே ஏக்கம் தீரவில்லை. அது ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் எழுதும் பத்து வயதுப் பிள்ளை மட்டும் இறங்கி வந்திருக்கிறது.

நடுவில் யுத்தம் வந்தது. 1990களில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் எட்டாத விலை. ஜாம் போத்தலில் பஞ்சையும் திரியையும் வைத்துச் செய்த விளக்கைச் சுற்றி நாலு பிள்ளைகள் இருந்து படித்தார்கள். 1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி இரவு யாழ்ப்பாணம் முழுவதும் வெளியேறியபோது புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்த பிள்ளைகள் எத்தனை பேர்! அந்தத் தலைமுறையைப் பார்த்து “உங்களுக்குக் கல்வியின் அருமை தெரியாது” என்று சொல்ல எந்தப் பெரியவருக்கும் உரிமையில்லை. அவர்களுக்கு வசதி குறைவாயிருந்தது. ஆனால் விளக்கைச் சுற்றிப் பேச்சு இருந்தது, ஒரு புத்தகம் கைமாறிக் கைமாறிப் பலரிடம் போனது.

இன்று கைமாறுவது புத்தகமல்ல, ‘நோட்ஸ்’. அச்சடித்த விடைகள். வினாவைப் பிரித்துப் பார்க்காமலே விடையை ஒப்புவிக்கலாம். பழைய திண்ணைப் பள்ளியிலும் மனனந்தானே என்று கேட்பீர்கள். ஆம், நம்முடைய ஞானோபதேச வினாவிடையும் மனனந்தான். வேறுபாடு ஒன்று உண்டு: அவர்கள் மனனம் செய்தது சாகும்வரை வைத்திருப்பதற்கு, இவர்கள் மனனம் செய்வது பரீட்சை மண்டபத்து வாசலில் இறக்கி வைப்பதற்கு.

1981 யூன் முதலாந் திகதி இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. 97,000 அளவான நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. பத்திரிசியார் கல்லூரி வளவின் மேல்மாடியிலிருந்து அந்தத் தீயைக் கண்ட பன்மொழிப் புலவர் தாவீது அடிகள் அதிர்ச்சி தாளாது உயிர் நீத்தார். நூலகம் மீளக் கட்டப்பட்டு வெண்மையாக நிற்கிறது. அதன் வாசிப்பு மேசைகளில் இளைஞரைக் காணலாம்; அவர்களில் எத்தனை பேர் இராக்கையிலிருந்து எடுத்த நூலை வாசிக்கிறார்கள், எத்தனை பேர் தாம் கொண்டுவந்த நோட்ஸைப் பாடமாக்குகிறார்கள் என்று ஒருநாள் போய்ப் பார்த்து வாருங்கள்.

மூன்று சோதனைகள்

கற்றவர் யார் என்பதை அறியப் புள்ளிக்கு வெளியே சில சோதனைகள் உண்டு. முதலாவது கடன் பத்திரம்.

யுத்தத்தின் பின் நம் கிராமங்களுக்கு நுண்கடன் கொடுப்போர் வந்தார்கள். உதாரணத்துக்கு ஒரு கணக்கு: 50,000 ரூபா கடன், ஆண்டுக்கு 24 வீத வட்டி, பன்னிரண்டு மாதத் தவணை. வட்டி 12,000 ரூபா. எல்லாமாக 62,000 ரூபாவைப் பன்னிரண்டாற் பிரித்தால் மாதம் 5,167 ரூபா. “24 வீதந்தானே” என்று கையொப்பம் இடுகிறோம். ஆனால் முதல் மாதமே முதலில் ஒரு பங்கு திரும்பிப் போகிறது. ஆறாவது மாதத்தில் கையில் இருப்பது பாதிக் கடன். வட்டியோ இன்னும் முழு 50,000க்கும் ஓடுகிறது. ஆண்டு முழுவதையும் சராசரி பார்த்தால் நம்மிடம் இருந்த கடன் 27,000 ரூபா அளவு. அதற்கு 12,000 வட்டி என்றால் உண்மையான வட்டி 40 வீதத்துக்கு மேல். இதைக் கண்டுபிடிக்க உயர்தரக் கணிதம் வேண்டாம். ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் போதும். எனினும் கணிதத்தில் திறமைச் சித்தி பெற்ற பிள்ளைகள் உள்ள வீடுகளிலும் தாய்மார் இந்தக் கடனில் மாட்டி, ஒன்றை அடைக்க இன்னொன்று எடுத்து, அவமானத்தாலும் பயத்தாலும் வதைபட்டார்கள். பிள்ளைக்குச் சூத்திரம் தெரியும். அம்மாவின் பத்திரத்துக்கு அது பொருந்தும் என்று ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அக்காலத்தில் எழுதத் தெரியாதவர் நொத்தாரிசு நீட்டிய உறுதியில் கைநாட்டு வைத்துக் காணியை இழந்தார். இக்காலத்தில் எழுதத் தெரிந்தவர் வாசியாமலே அழகான கையொப்பம் வைத்து இழக்கிறார்.

இரண்டாவது, வதந்தி. 2020 டிசெம்பரில் கொரோனாவுக்கு மருந்தென்று கேகாலையில் ஒருவர் தயாரித்த பாணிக்காக ஆயிரக்கணக்கானோர், நோய் பரவும் என்ற எண்ணமே இல்லாமல், நெருக்கியடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். அப்போதைய சுகாதார அமைச்சரே அதைப் பருகிக் காட்டினார். அடுத்த மாதம் அவருக்கே அந்நோய் தொற்றியது. எழுத்தறிவில் தெற்காசியாவிலேயே முன் நிற்கும் நாடு என்று நாம் மார்தட்டிக்கொள்ளும் நாட்டில் இது நடந்தது. அவர்கள் வேறு நாம் வேறு என்று எண்ண வேண்டாம். நம் கைத்தொலைபேசிகளில் நாள்தோறும் வந்து விழும் செய்திகளை யார் சொன்னார், எப்போது சொன்னார், அவருக்கு அது எப்படித் தெரியும் என்று கேளாமலே அடுத்தவருக்கு அனுப்புகிறோம். இங்கே இளைஞர்களைப் பாராட்டவும் வேண்டும். பொய்ச் செய்தியை அனுப்புவதில் பெரியவர்கள்தான் முந்துகிறார்கள் என்பதும், “மாமா, இது பழைய படம்” என்று திருத்துபவன் பெரும்பாலும் மருமகன்தான் என்பதும் குடும்பங்களில் எல்லாரும் அறிந்த இரகசியம்.

மூன்றாவது மொழி. முன்னையோரில் ஆங்கிலம் படித்தோர் ஆங்கிலத்தில் நன்றாக எழுதினார்கள். பலர் தமிழில் ஒரு கடிதம் எழுதத் தடுமாறினார்கள். தமிழ்ப் பாடசாலையில் படித்தோர் நல்ல தமிழ் எழுதினார்கள். கச்சேரிக் கடிதத்தை வாசிக்கப் பிறரிடம் போனார்கள். இன்றைய பிள்ளை இரண்டையும் பன்னிரண்டு வருடம் படிக்கிறது. ஆனால் இழவு வீட்டுக்கு ஆறுதற் கடிதம் எழுதச் சொன்னாலோ, மறைக்கல்வி வகுப்பில் தான் நம்புவதைத் தன் சொல்லில் ஐந்து நிமிடம் சொல்லச் சொன்னாலோ பேனை நின்றுவிடுகிறது, நாக்கும் நின்றுவிடுகிறது. சிங்களம் தெரியாததால் பொலிஸ் நிலையத்திலும் ஆஸ்பத்திரியிலும் நாம் படும் பாட்டையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சோதனைகளில் முன்னோர் எல்லாரும் தேறியிருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலோர் தேறியிருக்கமாட்டார்கள், அவர்களுக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. நம் பிள்ளைகளுக்கு வாய்ப்புக் கிடைத்திருக்கிறது. பதினொரு பதின்மூன்று வருடம் வகுப்பில் இருந்திருக்கிறார்கள். அவர்கள் தேறாவிட்டால் அது முன்னோரின் குறையைப் போன்றதல்ல.

வீட்டில் செய்யக்கூடியது

1965 ஒக்ரோபர் 28ஆந் திகதி இரண்டாவது வத்திக்கான் சங்கம் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை, பிள்ளைகளின் முதல் ஆசிரியர் பெற்றாரே என்று கூறுகிறது. நாமோ அந்தப் பொறுப்பை முதலிற் பாடசாலைக்கும், பிறகு ரியூட்டறிக்கும், இப்போது கைத்தொலைபேசிக்கும் குத்தகைக்குக் கொடுத்துவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ரியூசன் வைக்கவேண்டாம் என்ற கோரிக்கை எத்தனையோ தடவை எழுந்தது. வகுப்பு நடத்துபவர்கள் ஒருபுறமிருக்க, நிறுத்தினால் தன் பிள்ளை பின்தங்கிவிடும் என்று அஞ்சிய பெற்றாரும் அதற்குத் தடையாய் இருந்தார்கள்.

பாடத்திட்டத்தை மாற்றுவது நம் கையில் இல்லை. பரீட்சையை ஒழிப்பதும் இல்லை. இடம் நாலில் ஒருவருக்கே இருக்கும்வரை பரீட்சை இருக்கும். ஆனால் இரவுச் செபமாலை முடிந்தபின் அரை மணி நேரம் நம் கையில் இருக்கிறது. அம்மம்மா நினைவில் வைத்திருக்கும் கூத்துப் பாட்டைப் பிள்ளை எழுதி எடுக்கட்டும். எழுதும்போது விளங்காத சொல்லுக்கு அவரே பொருள் சொல்லட்டும். பத்திரிகைச் செய்தியொன்றை உரத்து வாசித்து, “இது எப்படி உனக்கு உண்மையென்று தெரியும்?” என்று தகப்பன் கேட்கட்டும், பிள்ளையும் தகப்பனைக் கேட்கட்டும், அதை வாய்காட்டுதல் என்று அடக்கவேண்டாம். மாத முடிவில் மின்சாரப் பட்டியல் வரும்போது அதை மேசையில் வைத்து, முதல் அலகுகளுக்கு ஒரு விலையும் மேலே போகப் போக வேறு விலையும் எப்படிக் கணக்கிட்டார்கள், நிலையான கட்டணம் எங்கே சேர்ந்தது என்று சாதாரண தரப் பிள்ளையைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். சங்கத்தில் எடுத்த கடன் இருந்தால் அந்தப் பத்திரத்தையும் ஒளிக்காமல் எடுத்து வையுங்கள். கணக்கு ஒத்துவராவிட்டால் தகப்பனும் தாயும் கூட இருந்து பார்க்கட்டும். பல வீடுகளில் அவர்களுக்கும் அது அன்றைக்குத்தான் விளங்கும்.